ஹெய்ட்டிக்கு மருந்தா, ஆளா?

கரீபியன் தீவு நாடான ஹெய்ட்டிக்கு இரண்டு வார மருத்துவக் குழுவை அனுப்பும் கிறிஸ்தவ சபைகளை ஒரு கட்டுரை பாராட்டுகிறது. நல்லதுதான். ஆனால் குழு கிளம்பிய பத்தாம் நாள் ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிடும், மறு சீட்டு எழுத ஆள் இருக்காது. அங்கே நிற்பவர் 'அஜான் சாந்தே' எனப்படும் ஊர் சுகாதாரப் பணியாளர். சபை பணம் கொடுப்பதானால் அவருடைய மாதச் சம்பளத்தை மூன்று வருடத்துக்கு ஏற்கட்டும். கட்டடத்துக்குக் கிடைக்கும் காசு சம்பளத்துக்குக் கிடைப்பதில்லை. கல்வெட்டில் பெயர் வராதே!

2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பின் அக்டோபரில் ஆர்ட்டிபோனிட் ஆற்றோரம் காலரா வந்தது. 2019க்குப் பின் ஓய்ந்திருந்தது, 2022 அக்டோபரில் திரும்பியது. நிவாரண லாரிகள் போன பிறகும் வீடு வீடாகக் குடிநீரில் குளோரின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும்.

கலங்கல் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, குளோரின் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். 30 நிமிடம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்ச வேண்டும். குளோரின் கரைசலை வெயிலில் வைத்தால் வீரியம் போய்விடும்.

வயிற்றுப்போக்குக்கு வீட்டில் கலந்து குடிக்கும் சர்க்கரை-உப்புக் கரைசலில் தவறு பெரும்பாலும் கரண்டியில்தான். ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு. குவித்துப் போட்டால் வயிற்றுப்போக்கு கூடும். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு, புதிதாகக் கலக்கச் சொல்லுங்கள்.

காலாவதி நெருங்கிய மருந்துப் பெட்டிகளைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். சுங்கத்தில் கிடந்தே வீணாகும்.