எகிப்தில் இடம் தாராளம் என்று சொல்வது தவறு

மேலே ஒருவர், எகிப்தில் சதுர கிலோமீட்டருக்கு 100 பேர் சொச்சம்தான், வங்கதேசத்திலோ 1,100க்கு மேல், அதனால் எகிப்தில் மக்கள் நெருக்கடி என்பதே கட்டுக்கதை என்று எழுதியிருக்கிறார். எண்கள் சரி, முடிவு தப்பு.

அந்த 100 எப்படி வருகிறது? பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மக்களை, பாலைவனத்தையும் சேர்த்து சுமார் 10 லட்சம் சதுர கிலோமீட்டரால் வகுத்தால் வருகிறது. ஆனால் அந்தப் பாலைவனத்தில் யார் இருக்கிறார்கள்? நைல் கரையிலும் டெல்டாவிலுமாக மொத்தப் பரப்பில் ஏறக்குறைய 5 சதவீதத்துக்குள்தான் கிட்டத்தட்ட எல்லோரும் வாழ்கிறார்கள். செயற்கைக்கோள் படத்தை எடுத்துப் பாருங்கள், பழுப்பு மணலுக்கு நடுவே பச்சை நாடா ஒன்று ஓடி, கெய்ரோவைத் தாண்டியதும் விசிறி மாதிரி விரியும், அவ்வளவுதான் அவர்கள் ஊர்.

அதனால் புவியியலில் இன்னொரு கணக்கும் போடுவார்கள், மொத்த நிலத்துக்குப் பதிலாக விளைநிலத்தால் வகுப்பது. எகிப்தில் பயிர் நிலம் சுமார் 4 சதவீதம் என்று வைத்தாலே, ஒரு சதுர கிலோமீட்டர் விளைநிலத்தை நம்பி 2,500 பேருக்குக் குறையாமல் இருக்கிறார்கள். வங்கதேசத்தில் பாதிக்கு மேல் விளைநிலம் என்பதால் அங்கே இது சுமார் 2,000தான். ஆக, வரிசையே தலைகீழாகிவிடுகிறது!

டெல்டாவில் வயலின் விளிம்பிலேயே பூசாத செங்கல் வீடுகள் மாடி மாடியாக எழும்புவதும், விளைநிலத்தில் வீடு கட்டத் தடைச் சட்டம் போட்டும் அது நிற்காமல் போவதும் இதனால்தான். இடம் தாராளமாக இருந்தால் கோதுமை விளையும் மண்ணில் யார் அஸ்திவாரம் தோண்டுவார்கள்?