தூதரகத்தை இழுத்து மூடினால் யாருக்கு நஷ்டம்?

பாகிஸ்தான் எல்லையில் பதற்றம் என்றாலே நம் டைம்லைனில் முதலில் கேட்கும் குரல், "அவன் தூதரகத்தை இழுத்து மூடு, நம்ம ஆளைத் திருப்பிக் கூப்பிடு" என்பதுதான். 2025 ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் பஹல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைக் கொன்ற இரவிலும் அதையே பார்த்தேன். கோபம் எனக்கும் இருந்தது. ஆனால் அந்தக் கோரிக்கை மட்டும் எனக்கு எப்போதும் விளங்குவதில்லை. ஒட்டி உறவாடும் நாட்டில் தூதருக்கு என்ன பெரிய வேலை? விருந்து, கைகுலுக்கல், போட்டோ. தொண்டைமானிடம் அதியமானுக்காக ஔவை தூது போனது, இருவரும் கொஞ்சிக் குலாவிக்கொண்டிருந்த நாளில் இல்லையே.

மறுநாள் டெல்லி அறிவித்தவற்றில் எல்லோர் வாயிலும் அடிபட்டது சிந்து நதிநீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம். 1960இல் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்டு, 65, 71, கார்கில் என எல்லாப் போர்களையும் தாண்டி நின்றதை முதல்முறையாக நிறுத்தி வைத்தார்கள். அதே அறிவிப்பில் யாரும் அதிகம் கண்டுகொள்ளாத ஒரு வரி இருந்தது: இரு நாட்டுத் தூதரகங்களிலும் ஆள்பலம் 55இலிருந்து 30 ஆகக் குறைப்பு. அந்த 55ம்கூட 2020இல் பாதியாக வெட்டியது போக மிஞ்சியதுதான். 2019 ஆகஸ்டிலிருந்து இரண்டு தலைநகரங்களிலும் முழு அந்தஸ்துள்ள தூதரே கிடையாது. பொறுப்பு அதிகாரிகளை வைத்தே வண்டி ஓடுகிறது.

மே 7 தொடங்கி நான்கு நாள் ஏவுகணையும் ட்ரோனும் பறந்தன. 10ஆம் தேதி மதியம் 3.35க்கு, டிஜிஎம்ஓ எனப்படும் அவர்களுடைய ராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர் நம் டிஜிஎம்ஓவுக்குப் போன் செய்தார். மாலை 5 மணியிலிருந்து சண்டை நிறுத்தம். நடுவில் புகுந்து முடித்து வைத்தது யார் என்ற வழக்கு வாஷிங்டனுக்கும் டெல்லிக்கும் இடையே தனியாக நடக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. என் கண்ணில் பட்டது அந்த போன் லைன்தான். குண்டு விழுந்துகொண்டிருந்தபோதும் அதை யாரும் பிடுங்கிப் போடவில்லை.

சண்டை நின்ற நான்காம் நாள், வழி தவறி எல்லை தாண்டிப் பிடிபட்டிருந்த நம் எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் ஒருவர் அட்டாரி வழியாகத் திரும்பி வந்தார். நம்மிடம் பிடிபட்டிருந்த அவர்களுடைய எல்லைக் காவல் படை ரேஞ்சரும் அன்றைக்கே அந்தப் பக்கம் போனார்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது கைதிகள் பட்டியல். 2008 ஒப்பந்தப்படி, தங்கள் சிறையில் இருக்கும் மற்ற நாட்டுக்காரர்களின் பட்டியலை இரு நாடும் ஜனவரி 1, ஜூலை 1 என வருடத்துக்கு இரண்டு முறை மாற்றிக்கொள்கிறார்கள். சண்டை ஓய்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத 2025 ஜூலை 1லும் அது நின்றுபோகவில்லை. அவர்கள் கொடுத்த பட்டியலில் நம் மீனவர்கள் 193 பேர். நாம் கொடுத்ததில் அவர்களுடைய மீனவர்கள் 81 பேர். கடல் தண்ணீரில் யார் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்? குஜராத் ஓரத்துச் சர் கிரீக் கழிமுகத்தின் பக்கம் எல்லை எது என்பதே இன்னும் தீராத தகராறு. மீன் போன பக்கம் வலை போகிறது, வலை போன பக்கம் ஆள் போகிறான், பிடிபடுகிறான்.

பிடிபட்டவன் தண்டனையை முடித்துவிட்டால் மட்டும் கதவு திறக்காது. "இவன் எங்கள் நாட்டுக்காரன்" என்று அவன் நாடு உறுதி செய்ய வேண்டும். அதற்குத் தூதரக அதிகாரி ஒருவர் ஜெயிலுக்குப் போய் அவனைப் பார்த்து, பெயர், ஊர், அப்பா பெயர் எல்லாம் விசாரித்து எழுத வேண்டும். இழுத்து மூடச் சொல்கிறவர்கள், அந்த 193 பேரைப் போய்ப் பார்க்கப்போவது யார் என்று சொல்லிவிட்டு மூடச் சொல்லட்டும்.

அதே 2025 ஆகஸ்டில் ஜம்முவில் கொட்டிய மழையில் தாவி ஆறு பெருக்கெடுத்தது. அந்தத் தண்ணீர் அடுத்துப் போய்ச் சேருவது பாகிஸ்தான் பஞ்சாபுக்கு. முன்பெல்லாம் வெள்ள எச்சரிக்கை, அந்த நதிநீர் ஒப்பந்தப்படி இரு நாடும் வைத்திருந்த சிந்து நதி ஆணையர்கள் வழியாகப் போகும். அந்தக் கதவை நாமே சாத்தியாயிற்று. ஆனாலும் மனிதாபிமான அடிப்படையில் டெல்லி தகவல் சொன்னது. இஸ்லாமாபாத்தில் மிச்சமிருந்த அந்தத் தூதரகம் வழியாக.