ஆஸ்கர் படமும் பத்தே முக்கால் காட்சியும்

பிப்ரவரி, மார்ச் வந்தாலே எனக்கு இந்த எரிச்சல். உலகமே கொண்டாடுகிற வெளிநாட்டுப் படம் பெங்களூருக்கும் வரும், வந்து என்ன, எனக்குத் தோதாகக் கிடைப்பது வைட்ஃபீல்டில் ராத்திரி பத்தே முக்கால் காட்சி மட்டும். நான் இருப்பதோ ஊரின் இன்னொரு மூலையில், பனசங்கரியில். 2020-லேயே ஆங்கிலம் அல்லாத ஒரு படம், கொரியாவின் பாரசைட், முதல்முறையாகச் சிறந்த படத்துக்கான ஆஸ்கரையே வாங்கிவிட்டது, ஆனாலும் இங்கே இந்தப் படங்களுக்கு மிச்சமான நேரம்தான்.

சரி, போய்த் தொலைவோம் என்று சில்க் போர்டு நெரிசலில் உருண்டு போய் உட்கார்ந்தால், அந்த இயக்குநர் இடைவேளையே இல்லாமல் எடுத்த படத்தை இவர்கள் பாப்கார்ன் விற்பதற்காக நடுவில் வெட்டுகிறார்கள். போன வாரம் பார்த்த படத்தில் ஒரு அம்மாள் அழுதுகொண்டே கதவில் கை வைக்கிறாள், பட்டென்று விளக்கைப் போட்டுவிட்டார்கள்! அப்புறம் முன்சீட்டுக்காரர் தலை சப்டைட்டிலில் பாதியை மறைக்கிறது, கொஞ்சம் சாயுங்கள் என்றால் ‘சொல்ப அட்ஜஸ்ட் மாடி’ (கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கள்) என்று கன்னடத்தில் சொல்கிறார். வசனம் முழுக்க ஜப்பானிய மொழி சார், எதை அட்ஜஸ்ட் பண்ண?

இரண்டு மணிக்கு வீடு திரும்பினால் மனைவி தூக்கத்தில் கேட்கிறாள், “கடைசியில அந்தம்மா கதவைத் திறந்தாளா இல்லையா?” எனக்கே தெரியவில்லை.