கனடாவிலிருந்து வந்த வைத்தியம்

கொரோனாக் காலத்தில் புதுக்குடியிருப்பில் எங்கள் பக்கம் சிக்னல் கிடைப்பதே அரிது. வட்ஸ்அப் வைத்தியம் மட்டும் தவறாமல் வந்து சேர்ந்தது. வெந்நீர் குடித்தால் கிருமி வயிற்றுக்குள் இறங்கிச் செத்துவிடுமாம், கனடாவிலிருந்து குரல்பதிவு. மூக்கிலும் தொண்டையிலும் உயிரணுக்களுக்குள் புகுந்துவிட்ட வைரஸை வெந்நீர் எப்படிக் கழுவும்?

2020 டிசம்பரில், கொரோனாவுக்கு மருந்தென்று கேகாலையில் ஒருவர் கொடுத்த மூலிகைப் பாணியை வாங்க ஆயிரக்கணக்கில் முண்டியடித்தார்கள், அதுவும் தொற்றுக்காலத்தில்! அதைக் குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சருக்கே 2021 ஜனவரியில் தொற்று உறுதியானது. அந்தச் செய்தியை எங்கள் குடும்பக் குழுவில் ஒருவரும் பகிரவில்லை.

தடுப்பூசி போட்டால் பிள்ளை பிறக்காது என்று மாமி இன்னமும் சாதிக்கிறார். குடும்பநல மாது வீட்டு வாசலில் நின்று விளக்கினாலும் அசைவதில்லை. இப்போது டெங்குவுக்குப் பப்பாசி இலைச்சாறாம். அதே கனடாக் குரல்.