செலவு யார் கணக்கில் ஏறியது?
இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷ் காலனிய அரசின் கணக்கேடுகள் நடந்ததை அப்படியே பதிந்த நடுநிலை ஆவணங்கள் என்று ஒரு கட்டுரையாளர் சொல்வதை ஏற்க இயலவில்லை. கூட்டல் கழித்தல் பைசா சுத்தமாகவே இருந்திருக்கலாம், ஆனால் எந்தச் செலவை யார் தலையில் கட்டுவது என்பதை லண்டன்தான் தீர்மானித்தது. 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவு இந்தியாவின் கடனாக ஏறியது. மறு ஆண்டு ஆட்சி மகாராணியின் கைக்கு மாறிய பின்னும், கிழக்கிந்தியக் கம்பெனிப் பங்குதாரர்களுக்கு ஆண்டுதோறும் பத்தரை சதவீத ஈவுத்தொகை (1833ஆம் ஆண்டுச் சட்டம் வைத்துவிட்டுப் போன சுமை) இந்திய வருவாயிலிருந்தே போய்க்கொண்டிருந்தது. 1867இல் துருக்கி சுல்தானுக்காக லண்டனில் நடத்திய நடன விருந்துகூட, கேட்கவே கூசும்படி, இந்தியக் கணக்கில்தான் எழுதப்பட்டது. இப்படி இந்தியாவின் தலையில் கட்டிய செலவுகளைத் தேசியத் தலைவர் தாதாபாய் நௌரோஜி வாழ்நாளெல்லாம் எதிர்த்தார். ஆயினும் லண்டனில் இருந்த, பிரிட்டிஷ் அமைச்சரவையைச் சேர்ந்த இந்தியாவுக்கான அமைச்சரின் சம்பளத்தைப் பிரிட்டிஷ் கருவூலம் ஏற்பதற்கே 1919ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது.