ஐப்பசியில் பதனீர்

சொந்தக்காரர் பெண் கல்யாணத்தில் 'சங்ககாலத் தமிழர் விருந்து' என்று சாப்பாடு போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நான் போட்ட அதன் மெனு அட்டைப் படத்தைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். படத்தை நீக்கச் சொல்லி இதுவரை நாலு பேர் போன் பண்ணிவிட்டார்கள். ஐந்தாவதாகப் பெண்ணைப் பெற்றவரே கூப்பிட்டார், எனக்கு மச்சான் முறை. "வயிறு முட்டத் தின்னுட்டு வந்து இப்படி எழுதுதீரே, நல்லாருக்கா?" என்றார். நல்லாயில்லைதான் மச்சான். ஆனால் நான் எழுதியது ஒரே ஒரு வரி. "ஐப்பசியில் பதனீர், 2000 வருஷத்துத் தக்காளி ரசம்." இதில் எது பொய் என்று யாராவது சொன்னால் படத்தை இப்போதே எடுத்துவிடுகிறேன்.

மண்டப வாசலில் எட்டடி உயரத்துக்கு போர்டு. 'சங்ககாலத் தமிழர் விருந்து'. கீழே ஓலைச்சுவடி மாதிரி படம், அதில் 24 அயிட்டம். தக்காளி ரசம், உருளைக்கிழங்கு காரப் பொரியல், முந்திரிப் பொங்கல், அன்னாசிப்பழக் கேசரி, பச்சை மிளகாய் கிள்ளிப் போட்ட நீர்மோர். தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய், முந்திரி, அன்னாசி, ஐந்துமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1492-இல் கொலம்பஸ் அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை இந்தப் பக்கத்தில் ஒருத்தரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. நம் கரைக்கு மிளகாய் வந்தது போர்த்துக்கீசியர் வந்த பிறகு. பெயரிலேயே இருக்கிறதே, மிளகு மாதிரி உறைக்கிற காய், அதனால் மிளகாய். மிளகுதான் மூத்தது. 24-இல் தினைப் பாயசம் ஒன்றுதான் எனக்குச் சங்ககாலமாகத் தெரிந்தது. அதிலும் மேலே முந்திரி.

என் சண்டை சாப்பாட்டோடு இல்லை, போர்டோடு. இதை எத்தனை தடவை சொன்னாலும் "அப்போ தக்காளியே சாப்பிடக் கூடாதா சார்?" என்று கேட்கிறார்கள். ஐயா, எங்கள் வீட்டில் வாரத்துக்கு மூன்று கிலோ தக்காளி. அந்த ரசத்தையே நான் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன், நன்றாக இருந்தது. 'கல்யாண விருந்து' என்று எழுதியிருந்தால் வாழ்த்திவிட்டு வந்திருப்பேன். சங்ககாலம் என்று எழுதினால் சங்ககாலத்தைப் போட வேண்டும். போட வக்கில்லை என்றால் போர்டை எடுத்துவிட்டுப் பரிமாற வேண்டும்.

'இதெல்லாம் யாருக்குத் தெரியும், எங்கே எழுதி வைத்திருக்கிறது' என்பவர்களுக்கு: பாட்டிலேயே எழுதி வைத்திருக்கிறது. குறுந்தொகை 167-ஆம் பாட்டு, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். புதுசாகக் குடித்தனம் வந்த பெண் கெட்டித் தயிரைக் கையால் பிசைகிறாள், விரலைச் சேலையில் துடைத்துக்கொள்கிறாள், தாளிக்கிற புகை கண்ணில் ஏறுகிறது. தாளிப்புக்கு அப்போது 'குய்' என்று பெயர். கணவன் சாப்பிட்டுவிட்டு "இனிது" என்கிறான், அவள் முகம் லேசாக மலர்கிறது. 'தீம்புளிப் பாகர்' என்கிற அந்தக் குழம்பு கிட்டத்தட்ட நம்முடைய மோர்க்குழம்புதான். மிளகாய் இல்லாமல் மிளகு போட்டு அதை வைத்திருந்தால் நானே வாசலில் நின்று எல்லாருக்கும் விளக்கம் சொல்லியிருப்பேன், சம்பளம்கூட வேண்டாம்.

"கல்யாண வீட்டில் கறி மீன் போட முடியுமா?" என்று இன்னொருவர் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் பக்கம் முகூர்த்தச் சாப்பாடு சைவம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சைவம்தான் வேண்டுமென்றால் அதற்கும் பாட்டு இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் அந்தணர் வீட்டுச் சாப்பாடு ஒன்று வரும். மாதுளம் பிஞ்சைப் பிளந்து, மிளகுப் பொடி கலந்து, கறிவேப்பிலை சேர்த்து, மோரிலிருந்து எடுத்த வெண்ணெயில் வேகவைத்த பொரியல். கூடவே வடுமாங்காய் ஊறுகாய். வடுமாங்காய்! அதை மட்டும் இலையில் வைத்திருந்தால் சமையல்காரர் காலில் விழுந்திருப்பேன். எங்கள் இலையில் இருந்தது மிளகாய்ப்பொடியில் மிதந்த எலுமிச்சை ஊறுகாய்.

சரி, சைவம் போட்டீர்கள், விட்டுவிடலாம். ஆனால் மைக் பிடித்தவர் "நம் முன்னோர் மரக்கறி மட்டுமே உண்டு நூறாண்டு வாழ்ந்தார்கள்" என்று ஏன் சொல்ல வேண்டும்? பொருநராற்றுப்படையில் பாடிப் பிழைக்கிற பொருநர் கரிகாலன் வீட்டில் இராப்பகலாக இறைச்சி தின்று, கொல்லையை உழுத கலப்பைக் கொழு மாதிரிப் பல் மழுங்கிப் போனது என்கிறார். சிறுபாணாற்றுப்படையில் உழவர் வீட்டில் வெள்ளைச் சோற்றோடு நண்டுக் கலவை கொடுக்கிறார்கள். இவர்களெல்லாம் யாருடைய முன்னோர்? மைக் பிடித்தவர் வீட்டு முன்னோர் மட்டும் தனியாகக் கப்பலில் வந்தார்களா?

அதே சிறுபாணாற்றுப்படையில் இன்னொரு சமையலும் இருக்கிறது. அடுப்படியில் நாய் குட்டி போட்டுக் கிடக்கிற அளவுக்கு அடுப்பு எரியாத வீடு. குப்பையில் முளைத்த வேளைக்கீரையைப் பறித்து, போட உப்பில்லாமல் வேகவைத்து, பார்க்கிறவர்கள் கேவலமாக நினைப்பார்களே என்று கதவைச் சாத்திக்கொண்டு, சுற்றத்தோடு உட்கார்ந்து தின்கிறார்கள். அதுவும் சங்ககாலத் தமிழர் விருந்துதான். 25-ஆவது அயிட்டமாக அதைப் போட்டுப் பாருங்களேன். கதவைச் சாத்தவும் மறந்துவிடாதீர்கள்.

கிண்டல் வேண்டாம் என்று இப்போது வீட்டுக்காரி பக்கத்தில் நின்று சொல்கிறாள். சரி, நிறுத்துகிறேன்.

"எல்லாம் நம் மண்ணில் விளைந்த உணவு, அந்நியக் கலப்பு இல்லை" என்றும் போர்டில் இருந்தது. இந்த வரிதான் எனக்குப் பெரிய தமாஷாகப் பட்டது. சங்ககாலத்து ஆட்களுக்கு வெளிநாட்டுச் சரக்கு என்றால் தீட்டே கிடையாது. யவனர், அதாவது கிரேக்க, ரோமானிய வணிகர், கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியது என்கிறது அகநானூறு. யவனர் கொண்டுவந்த நறுமணத் தேறலை, அதாவது மதுவை, பெண்கள் பொற்கிண்ணத்தில் ஊற்றித் தர, பாண்டியன் நன்மாறனே தினமும் குடித்து மகிழ வேண்டும் என்று நக்கீரர் வாழ்த்துகிறார், புறநானூறு 56. புதுச்சேரிப் பக்கம் அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் தோண்டியபோது ரோமானியச் சாடித் துண்டுகள் கிடைத்தனவே, அந்தச் சாடிகள் பலவற்றில் வந்ததும் அதுதான். பாண்டியனே கூச்சப்படாமல் இறக்குமதிச் சரக்கு குடித்திருக்கிறான். நீங்கள் ஏன் ஒரு தக்காளிக்குக் கூச்சப்பட்டு அதற்குப் பூர்வீகப் பத்திரம் எழுதுகிறீர்கள்?

இனி பதனீர். இதை எழுதாமல் இருக்கத்தான் பார்த்தேன்.

சாப்பாட்டுக் கூடத்து மூலையில் பிளாஸ்டிக் பனைமரம். அதன் அடியில் முண்டாசு கட்டிய பையன், முன்னால் மண்கலயம், வரிசையாக மண் குவளை. 'பண்டைத் தமிழர் பானம் – பதனீர்' என்று அதற்குத் தனி போர்டு. ஐப்பசி அடைமழையில் யார் பனை ஏறுகிறார்கள்? எங்கள் உடன்குடிப் பக்கம் பங்குனியில் நன்றாகச் சுரக்க ஆரம்பித்தால் ஆடியோடு முடிந்துவிடும். ஆசையாக ஒரு வாய் குடித்தேன். சீனிப்பாகு, ஏதோ எசன்ஸ் வாசனை. "எந்த ஊர்ப் பதனி தம்பி?" என்று கேட்டேன். "கேன்ல வந்துச்சு சார்" என்றான். அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை. முண்டாசு நெற்றியில் இறங்கிக்கொண்டே இருந்தது, பாவம், ஒரு கையால் அதை ஏற்றிவிட்டுக்கொண்டே ஊற்றினான்.

நிஜப் பதனீருக்கு அடியில் சுண்ணாம்பு மண்டி நிற்கும், கடைசி வாய் தொண்டையில் கொஞ்சம் கரகரக்கும். என் தாத்தா பனையேறி. தினம் இரண்டு தடவை ஏறுவார், விடியுமுன் ஒன்று, சாயங்காலம் ஒன்று. பாளையை இடுக்கியால் நசுக்கிப் பதம் பண்ணி, நுனியைக் காகிதம் மாதிரிச் சீவி, கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டிவிட்டு வருவார். சுண்ணாம்பு இருந்தால் புளிக்காது, அது பதனீர். சுண்ணாம்பு இல்லாவிட்டால் மரத்திலேயே புளிக்க ஆரம்பிக்கும், அது கள். வித்தியாசம் அவ்வளவுதான். அந்தச் சுண்ணாம்பை நம்பாமல் காக்கிச் சட்டைக்காரர்கள் வருவார்கள். கலயத்தில் விரலை விட்டுப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டும் உடைப்பார்கள். ஒரு தடவை ஒன்பது கலயம் உடைந்தது, நான் எண்ணினேன், அப்போது எனக்குப் பதினான்கு வயது. தாத்தா ஒன்றும் பேசவில்லை. ஓடுகளைப் பொறுக்கி ஓரமாகப் போட்டார், யார் காலிலாவது குத்திவிடும் என்று.

அது 1987. அந்த வருஷத்திலிருந்துதான் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை, இன்றுவரை. அந்தப் பனைதான் 1978-இலிருந்து நம் மாநில மரம் என்பது தனிக்கதை.

"அப்போ கள்ளைக் குடிக்கச் சொல்றீங்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. கள்ளால் கெட்ட குடும்பமும் எங்கள் ஊரில் உண்டு, தாத்தாவின் அண்ணனே ஒரு ஆள். அதை மறைக்கவில்லை. நான் கேட்பது வேறு. சிறிது கள் கிடைத்தால் எனக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நான் பாட அவனும் மகிழ்ந்து குடிப்பான் என்று அதியமானை நினைத்து அழுகிறார் அவ்வையார். காவிரிப்பூம்பட்டினத்து மீனவர்களான பரதவர் பௌர்ணமிக்குக் கடலுக்குப் போகாமல் 'பிணர்ப் பெண்ணைப் பிழி' மாந்தினார்கள் என்கிறது பட்டினப்பாலை. பெண்ணை என்றால் பனை, அதன் பிழி என்றால் கள். சங்ககாலப் பானம் என்று ஒன்றுக்கு போர்டு வைக்க வேண்டுமென்றால் நியாயமாக அதற்குத்தான் வைக்க வேண்டும். வைக்க முடியாது, சட்டம் விடாது, சரி. ஆனால் அதை இறக்கியவன் பெயரையாவது கேலிக்கு எடுக்காமல் இருக்கலாம் இல்லையா?

என் படத்துக்குக் கீழே ஒரு சொந்தக்காரர் எழுதியிருந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "பனையேறிப் புத்தி எங்கே போகும்." 32 பேர் சிரித்திருக்கிறார்கள். அதில் பாதிப் பேருக்கு நான் மாமன் முறை. எழுதினவருடைய தாத்தாவும் என் தாத்தாவும் ஒரே விளையில், அதாவது பனந்தோப்பில், ஏறியவர்கள். இரண்டு பேர் நெஞ்சிலும் மரத்தை அணைத்து அணைத்துக் காய்த்துப்போன ஒரே மாதிரித் தழும்பு இருந்தது. சின்ன வயதில் நான் அதைத் தொட்டுப் பார்ப்பேன், ஆமை ஓடு மாதிரி இருக்கும். பேரனுக்கு அது ஞாபகம் இல்லை போலிருக்கிறது. பிளாஸ்டிக் பனை முன்னால் குடும்பத்தோடு நின்று அவர் எடுத்த செல்ஃபி மட்டும் இன்னும் அவர் பக்கத்தில் இருக்கிறது, 'பெருமைமிகு மரபு' என்று தலைப்பு போட்டு.

மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார்கள். மச்சானிடம் கேட்கிறேன், பெண் கல்யாணத்தில் அவர் மனசு நோகும்படி ஆனதற்கு. அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும். போர்டிடம் கேட்க மாட்டேன். படத்தையும் எடுக்க மாட்டேன்.

பங்குனிக் கடைசியில் ஊருக்குப் போகிறேன். பதனி குடிக்க வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், அந்த முண்டாசுத் தம்பியைத் தெரிந்தவர்கள் அவனிடமும் சொல்லுங்கள். காலையில் ஆறு மணிக்கு மரத்தடியில் இருக்க வேண்டும். பனையோலையில் பட்டை மடித்து ஊற்றித் தருவார்கள், இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சட்டையில் கொட்டும். லேட்டாக வந்துவிட்டு என்னைத் திட்டக் கூடாது. ஏழு மணிக்கெல்லாம் கருப்பட்டி காய்ச்சுகிற குடிசைக்கு, அதாவது விடிலிக்கு, கொண்டுபோய்விடுவார்கள்.