"விசுவாசம் போதவில்லை" என்று சொல்லாதீர்கள்

என் தம்பி ஏழு மாதங்கள் படுக்கையில் இருந்தான். கடைசி நாட்களில் ஜெபிக்க வந்த ஓர் ஊழியர், ஜெபம் முடித்து எழுந்தபோது எங்கள் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "இந்த வீட்டில் யாரோ ஒருவருக்கு விசுவாசம் குறைகிறது. அதுதான் தடையாக நிற்கிறது."

ஒன்பதாம் நாள் தம்பி இறந்துவிட்டான். அந்த "யாரோ ஒருவர்" தான்தான் என்று அம்மா முடிவு செய்துகொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. ஆராதனைக்கு வருவார், வேதத்தைத் திறந்து வைத்திருப்பார். எல்லோரும் ஆமென் சொல்லும்போது மட்டும் அவர் உதடு அசையாது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் எனக்குத் தெரியும். இரண்டு வருடங்கள் அப்படித்தான் இருந்தார்.

அந்த ஊழியர் கெட்டவர் என்று நான் சொல்லவரவில்லை. நோயாளியின் அருகில் என்ன சொல்வது என்று தெரியாமல், கேட்டுப் பழகிய ஒன்றைச் சொல்லிவிட்டார். ஆனால் அதே வாக்கியத்தை இன்றும் வெவ்வேறு வாய்களிலிருந்து கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. விசுவாசத்தில் வளர்வது என்றால் என்னவென்று நாம் தவறாகவே கற்றுக்கொண்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஏறுவதுபோல விசுவாசம் ஏறும், குறித்த கோட்டைத் தொட்டதும் அற்புதம் நடக்கும், தொடாவிட்டால் நடக்காது என்பது போன்ற ஒரு கணக்கு நம் மனதில் உட்கார்ந்திருக்கிறது. வேதத்தில் அந்தக் கணக்கை நான் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். எபேசுவில் அவர் உடலிலிருந்து கொண்டுபோன உறுமால்களாலே நோயாளிகள் குணமானார்கள் என்று அப்போஸ்தலர் 19 சொல்கிறது. அதே பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும் கடைசி நிருபத்தில், "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்கிறார். ஒரே வரி. யாருக்கு விசுவாசம் குறைந்தது என்ற விசாரணை அங்கே இல்லை. துரோப்பீமுவின் மேலும் பழி இல்லை, தன் மேலும் பழி இல்லை. நண்பன் நோயோடு இருக்கிறான், விட்டுவர வேண்டியதாயிற்று, அவ்வளவுதான். தன் சரீரத்தின் முள் என்று தானே அழைத்த ஒரு வேதனை நீங்கவும் அவர் மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலின் வீட்டுக்குப் போய், உங்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல நம்மில் யாருக்குத் தைரியம் உண்டு?

"எங்கள் விசுவாசத்தை வர்த்திக்கப்பண்ணவேண்டும்" என்று சீஷர்கள் இயேசுவிடம் கேட்டது லூக்கா 17:5இல் இருக்கிறது. இந்த வசனத்தை வைத்து எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். எல்லாம் அடுத்து வரும், கடுகுவிதையளவு விசுவாசம் பற்றிய வசனத்துக்கே தாவிவிடும். சீஷர்கள் ஏன் அதைக் கேட்டார்கள் என்று பார்க்க முந்தின வசனத்துக்குப் போகவேண்டும். உன் சகோதரன் ஒரே நாளில் ஏழுதரம் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்து, ஏழுதரமும் மனஸ்தாபப்படுகிறேன் என்று வந்து நின்றால், அவனுக்கு மன்னிக்கக்கடவாய் என்கிறார் இயேசு. அதைக் கேட்டுத்தான் அவர்கள் மலைத்துப்போய், ஆண்டவரே, இதற்கு எங்களிடம் இருக்கிற விசுவாசம் காணாது என்கிறார்கள். மலையைப் பெயர்ப்பதற்காக அவர்கள் அதைக் கேட்கவில்லை, மன்னிப்பதற்காகக் கேட்டார்கள். இதைக் கவனித்த நாளில் எனக்குச் சட்டென்று அந்த ஊழியரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அவரை மன்னிக்க எனக்கும் அதே ஜெபம்தான் தேவைப்பட்டது. இன்னும் தேவைப்படுகிறது.

அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். சபையில் வயதான ஒரு பாட்டி இருந்தார். தம்பி இறந்த பிறகு பலரும் வந்தார்கள், ஆறுதல் சொன்னார்கள், நாளடைவில் நின்றுபோனார்கள். பாட்டி நிறுத்தவில்லை. மாலை நேரத்தில் வருவார், அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காருவார், ஒரு சங்கீதம் வாசிப்பார். வயதாகிவிட்டதால் எழுத்து ஓடிவிடாமல் இருக்க வரிக்குக் கீழே சுட்டுவிரலை வைத்து மெதுவாக நகர்த்துவார். விரல் பட்டுப் பட்டு அந்த வேதத்தின் ஓரங்கள் பழுப்பாகிப் போயிருந்தன. விளக்கம் எதுவும் சொல்லமாட்டார். "நீ ஜெபிக்கவேண்டாம் மகளே, நான் ஜெபிக்கிறேன்" என்பார். முடித்துவிட்டுப் போய்விடுவார்.

88ஆம் சங்கீதம் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் ஒரு துதியின் பக்கம் திரும்பும். இது திரும்பாது, இருளிலேயே முடிகிறது. அந்த இருளைப் பொறுக்க முடியாமல் பாட்டி அடுத்த சங்கீதத்துக்குத் தாவிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். கர்த்தருடைய கிருபைகளைப் பாடுவேன் என்று 89 அழகாகத் தொடங்குகிறதே. அவர் தாவவில்லை. விரலை எடுத்தார், வேதத்தை மூடினார், கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா அன்றுதான், தம்பியை அடக்கம் செய்த பிறகு முதல்முறையாக, எங்கள் முன்னால் வாய்விட்டு அழுதார்.

இப்படிப்பட்ட ஒரு சங்கீதத்தையும் தமது புத்தகத்தில் வைத்திருக்கிற தேவனிடம் எதையும் மறைக்கத் தேவையில்லை என்று எனக்கு அன்று தோன்றியது. என் விசுவாசம் வளர்ந்தது என்று சொல்லத்தக்க ஒரு நாள் உண்டென்றால் அதுதான். பெரிய நிச்சயம் எதுவும் வந்துவிடவில்லை. அவரிடம் நடிப்பதை நிறுத்தினேன்.

விசுவாசம் என்று நாம் வாசிக்கிற இடங்களில் ஒன்று ஆபகூக் 2:4. அங்கே எபிரெயுவில் இருக்கிற சொல் எமூனா. அதே சொல் யாத்திராகமம் 17:12இல் யாரும் எதிர்பார்க்காத ஓரிடத்தில் வருகிறது. அமலேக்கியரோடு யுத்தம் நடக்கிறது, மோசே கைகளை உயர்த்தியிருக்கும்வரை இஸ்ரவேலர் மேற்கொள்கிறார்கள், ஆனால் அவர் கைகள் அசந்துபோகின்றன, ஒரு கல்லைக் கொண்டுவந்து வைக்கிறார்கள், அவர் உட்காருகிறார், ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்பவர் மறுபக்கமும் நின்று கைகளைத் தாங்குகிறார்கள். "இவ்விதமாய் அவன் கைகள் சூரியன் அஸ்தமிக்கும்வரைக்கும் ஒரே நிலையாயிருந்தது." அந்த "ஒரே நிலை"தான் எமூனா. தமிழிலும் விசுவாசத்துக்கு இந்த முகம் உண்டு. நம்புவதும் விசுவாசம், விட்டுப்போகாமல் நிற்பதும் விசுவாசம். மோசேயின் கைகளுக்குத் தானாக நிற்கப் பலமில்லை. மற்றவர்கள் பிடித்திருந்ததால் நின்றன. அதையும் வேதம் எமூனா என்றே அழைக்கிறது.

திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து நாலுபேர் இறக்கியபோதும், இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார் என்று மாற்கு எழுதுகிறார். படுத்திருந்தவனைத் தனியாகப் பரீட்சித்து மதிப்பெண் போடவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். நோயாளியின் வீட்டுக்குப் போகும்போது தயவுசெய்து அளவுகோலைக் கொண்டுபோகாதீர்கள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கதறிய தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை. அந்தப் பாதி விசுவாசத்தோடேயே அவன் மகன் குணமானான். தானியேல் 3ஆம் அதிகாரத்தில், ராஜாவின் சிலையை வணங்க மறுத்து முழு விசுவாசத்தோடு அக்கினிச் சூளைக்கு முன் நின்ற சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்பவர்களோ, தேவன் தப்புவிக்க வல்லவர் என்று சொல்லிவிட்டு, "விடுவிக்காமற்போனாலும்" என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லை நம் ஜெபங்களில் நான் அரிதாகவே கேட்கிறேன். அதைச் சொல்வது விசுவாசக் குறைவு என்று நமக்குப் பயம். எனக்கென்னவோ, அந்த அதிகாரத்தின் உச்சமே அந்தச் சொல்தான்.

பாட்டி இப்போது கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். அவருடைய அடக்க ஆராதனையில் அம்மா ஆமென் சொன்னார். மெல்லிய குரல்தான். எமூனா பிறந்த வேரிலிருந்துதான் ஆமென் என்ற சொல்லும் பிறந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

சபையில் இன்னொரு வீட்டில் அண்மையில் ஒரு மரணம். அம்மா மாலைகளில் அங்கே போகிறார். அவருக்கு உடம்பு முடியாததால் நாளைக்கு என்னைப் போகச் சொல்லியிருக்கிறார். 13ஆம் சங்கீதம் வாசிக்கவேண்டிய நாள். ஆறே வசனங்கள், முதல் இரண்டு வசனங்களுக்குள்ளேயே "எதுவரைக்கும்" என்று நான்கு தரம் வருகிறது. அவசரப்படாமல் வாசி என்று அம்மா இரண்டு தடவை சொல்லிவிட்டார்.